அத்தை கேட்ட தேர்

1. என் சித்தப்பா கத்தோலிக்கக் குரு. அவருக்குப் பங்கு இல்லை. சேலத்துக்கு வெளியே ஒரு கல்லூரியில் குருமாணவர்களுக்கு இறையியல் நடத்தினார்.
2. என் அத்தைக்கு அது தீராத குறையாக இருந்தது.
3. ஒரு கோடை விடுமுறையில் அத்தை ஆயரைப் போய்ப் பார்த்தார். முட்டை கொண்டுபோனார்.
4. சித்தப்பாவுக்குப் பங்கு கிடைத்தது.
5. அத்தை மறுபடியும் ஆயரைப் போய்ப் பார்த்தார். இந்த முறை முட்டை கொண்டுபோகவில்லை.

நான் பம்பு செய்யும் கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் பிரிவில் எதையும் முதலில் வரிசைப்படுத்தி எழுதிவிட்டுத்தான் பேச ஆரம்பிப்போம். வரிசையில் எல்லாம் சரியாக இருக்கும், ஆனால் பம்பு ஏன் அலறியது என்பது மட்டும் அதில் இருக்காது. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல் கோவிலில் கோடை மறைக்கல்வி வகுப்புக்கு என்னோடு பாயில் உட்கார்ந்த உங்களுக்குப் பாதிக் கதை தெரியும். நாம் எல்லோரும் முப்பதைத் தாண்டிவிட்டோம். சிலருக்கு முன்தலையில் வெள்ளை எட்டிப் பார்க்கிறது, போன மாதம் அனுப்பிக்கொண்ட படங்களில் பார்த்தேன். அப்போது உங்களில் யாரோ, "உங்க அத்தை பிஷப்புக்கு முட்டை கொடுத்த கதை என்ன?" என்று கேட்டிருந்தார். மீதிப் பாதி இது.

எங்கள் வீடு திருச்செங்கோட்டில். அப்பாவுக்குப் போர்வெல் ரிக் வண்டியில் கம்பிரஸர் மெக்கானிக் வேலை. வருடத்தில் பாதி நாள் வடக்கே எங்காவது இருப்பார். பள்ளிக்கூடம் விட்டால் அம்மா என்னைப் பஸ் ஏற்றி நாமக்கல்லுக்கு அனுப்பிவிடுவார். அத்தையும் மாமாவும் பரமத்தி சாலையில் கோழிப்பண்ணை வைத்திருந்தார்கள். அத்தை எங்கள் வீட்டில் மூத்தவர், சித்தப்பா கடைசி, நடுவில் அப்பா.

அந்தப் பண்ணையின் வாசனையை இப்போது நினைத்தாலும் மூக்கு சுளிக்காது. மக்காச்சோளமும் கருவாட்டுத் தூளும் கலந்த தீவன வாசனை, சுண்ணாம்பு, சூடான தகரம், கீழே காயும் எச்சம். மத்தியான வெயிலில் ஷெட்டுக் கூரைமேல் தண்ணீர் பீய்ச்சுவார்கள். அது ஓரத்தில் சொட்டும் இடத்தில் நான் தலையைக் காட்டிக்கொண்டு நிற்பேன். முட்டை அறை மட்டும் குளிர்ச்சியாக இருக்கும். சாம்பல் நிற அட்டைத் தட்டுகள் உத்தரம்வரை அடுக்கியிருக்கும். அதற்கு நடுவில் ஒரு முக்காலி, அதன்மேல் குரோஷா பின்னிய உறை போட்ட தொலைபேசி. அத்தையின் அலுவலகம் அதுதான்.

இனி அத்தையின் குறை. பங்கு என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கோவில், அதைச் சேர்ந்த குடும்பங்கள், சாமியார் குடியிருக்க ஒரு பங்களா, வருடத்துக்கு ஒரு திருவிழா, தேர். பங்குத்தந்தையின் வீட்டார் அன்றைக்கு முதல் பெஞ்சில் உட்காருவார்கள். பங்களாவில் சாப்பாடு. தேர் நிலைக்கு வந்ததும் அதில் போட்ட செவ்வந்தி மாலையில் ஒன்றை அவர்கள் கையில் கொடுத்து அனுப்புவார்கள். நமக்கு மறைக்கல்வி எடுத்த டீச்சரம்மா வீட்டு நிலைப்படியில் தொங்கிய காய்ந்த மாலை நினைவிருக்கிறதா? அவருடைய தம்பி பெரிய பங்கின் சாமியார். வருடாவருடம் பழைய மாலையை எடுத்துவிட்டுப் புது மாலையைத் தொங்கவிடுவார்.

"டீச்சர் தம்பிக்குத் தேர் குடுத்திருக்காங்க. என்ற தம்பிக்குக் கரும்பலகை குடுத்திருக்காங்க" என்பார் அத்தை. பண்ணையில் தீவனம் அள்ளும்போதும் சொல்வார், ஜெபமாலைக்கு நடுவிலும் சொல்வார்.

சித்தப்பா செய்யும் வேலை என்னவென்று அந்தப் பக்கத்தில் யாருக்கும் விளங்கவில்லை. ஒருமுறை அப்பாவின் ரிக் டிரைவர் கேட்டார்.

"ஏனுங்க, உங்க தம்பி அங்க என்னங்க சொல்லிக் குடுக்கறாரு?"

"சாமியாராகப் போறவங்களுக்குச் சாமியப் பத்திச் சொல்லிக் குடுக்கறாரு."

"அது தெரியாமயாங்க அவங்க அந்த வேலைக்குப் போறாங்க?"

இரண்டு பேரும் கம்பிரஸரைக் கழற்றப் போய்விட்டார்கள்.

தெரியாத வேலையைப் பற்றி ஊர் தனக்குத் தெரிந்ததைச் சொல்லும். ஏதோ உடம்புக்கு ஆகவில்லை போலிருக்கிறது என்றார்கள். மேலே யாரையோ பகைத்துக்கொண்டாராம் என்றார்கள். பங்கு கொடுக்காமல் மூலையில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று அத்தையே நம்பினார். இப்போது எனக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. எங்கள் கம்பெனியிலும் உற்பத்தியிலிருந்து ஒருவரைப் பயிற்சிப் பிரிவுக்கு மாற்றினால், கேன்டீனில் அவருக்காகக் குரல் தாழ்த்திப் பேசுகிறார்கள். அவர் சொல்லிக்கொடுத்த பையன்கள்தான் அங்கே மிஷின் ஓட்டிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் அத்தை அப்படி நம்பியதற்குச் சித்தப்பாவும் ஒரு காரணம். வீட்டுக்கு வந்தால் பேசமாட்டார். "ம்" என்பார், "சரிங்க அக்கா" என்பார். குழம்பில் உப்பில்லை என்றாலும் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடுவார். கறுப்பு பேண்டின் பையோரத்தில் எப்போதும் சாக்பீஸ் மாவு ஒட்டியிருக்கும். இருமல் மிட்டாய் வந்த ஒரு தகர டப்பாவில் வண்ண சாக்பீஸ் துண்டுகளை வைத்திருப்பார். அதை எனக்குக் கொடுத்துவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் புத்தகத்தோடு உட்கார்ந்துவிடுவார். நான் முட்டை அறைச் சுவரெல்லாம் கோழி வரைவேன்.

அந்த வருடம் ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு அவர் வந்திருந்தபோது, நம் பங்குச் சாமியார் மரியாதைக்காக அவரைப் பிரசங்கம் வைக்கச் சொன்னார். அத்தை பட்டுச்சேலை கட்டிக்கொண்டு முன்னால் உட்கார்ந்தார். சித்தப்பா நற்செய்தியை வாசித்தார். புத்தகத்தை மூடினார். நம் எல்லோரையும் பார்த்து, "உயிர்த்தெழுந்த பிறகும் இயேசு உடம்பில் ஏன் காயம் இருந்தது? எல்லாத்தையும் புதுசாக்கினவருக்கு அதை ஆத்த முடியாதா?" என்று கேட்டார். கேட்டுவிட்டுப் பதிலுக்காக நின்றார்.

யார் பதில் சொல்வது? பிரசங்கத்தில் கேள்வி கேட்டால் கேட்டவரே பதிலும் சொல்லிவிடுவதுதானே வழக்கம். மின்விசிறி சத்தம் மட்டும் கேட்டது. பின்னால் ஒரு குழந்தை தும்மியது. சித்தப்பா அந்தத் தும்மலைக்கூட நம்பிக்கையோடு திரும்பிப் பார்த்தார். கடைசியில், "சரி, வீட்டுல போய்ப் பேசிப் பாருங்க" என்று சொல்லி முடித்துக்கொண்டார்.

வெளியே படியில் டீச்சரம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நல்லாத்தான் பேசறாருங்க. என்ன, பாடம் நடத்தற மாதிரி இருக்குதுங்க. சனங்களோட பழகுனாச் சரியாயிருமுங்க. பாவம், அதுக்குத்தான் பங்கு வேணுங்கறது."

அத்தைக்குப் "பாவம்" என்ற சொல் எங்கே போய்க் குத்தியதோ தெரியாது. மறுவாரம் முட்டை வேனைச் சேலத்துக்குத் திருப்பச் சொன்னார்.

மாமா வேன் ஓட்டினார். நான் நடுவில். மடியில் ஒரு தட்டு முட்டை, பின்னால் இன்னும் அடுக்கு அடுக்காக. என்னை எதற்குக் கூட்டிப்போனார் என்றால், சின்னப் பிள்ளை கூட இருந்தால் பெரியவர்கள் சட்டென்று இல்லை என்று சொல்லமாட்டார்கள் என்பது அத்தையின் கணக்கு.

ஆயர் இல்லத்தில் சிவப்புத் தரை, பினாயில் வாசனை, ஜன்னலில் பச்சைத் திரை. ஆயர் வெள்ளை அங்கியில் வந்தார். நாங்கள் மோதிரத்தை முத்தம் செய்தோம். என்னிடம் எத்தனாவது படிக்கிறாய் என்று கேட்டார். அதற்குள் மாமா வாசலில் முட்டையை இறக்கிக்கொண்டிருந்தார்.

"இதெல்லாம் எதுக்கும்மா?"

"லஞ்சமெல்லாம் இல்லீங்க ஆண்டவரே. வெயில் காலத்துல முட்டைக்கு வெல இல்லீங்க, அதான் கொண்டாந்தோம்."

மாமா வாசலில் இருமினார்.

"சரி, என்ன விஷயமா வந்தீங்க?"

அத்தை முந்தானையை இழுத்துச் செருகினார். "என்ற தம்பி விஷயந்தானுங்க. அவரு வாயத் தொறந்து கேக்கமாட்டாருங்க. சின்னதுல பசிச்சாக்கூடச் சொல்லமாட்டாரு, மூஞ்சியப் பாத்து நாந்தான் சோறு போடோணும். அதான் அவருக்காக நான் கேக்க வந்தனுங்க. ஒரு பங்கு குடுத்தா நல்லா இருக்குமுங்க."

"அவருக்கு அந்த ஆசை இருக்கா?"

"இல்லாம இருக்குமுங்களா? எந்தச் சாமியாருக்குங்க பங்குமேல ஆசை இருக்காது?"

"நல்லா நடத்தறார்னு கல்லூரியில சொல்றாங்களே."

"நடத்துவாருங்க. எந்த வேலை குடுத்தாலும் செய்வாரு. அதுக்காக அதையே குடுத்துட்டு இருந்தா எப்புடீங்க?"

ஆயர் சிரித்தார். "பார்க்கலாம்மா" என்றார். அக்கா சொன்னால் அது தம்பியின் மனசாகத்தான் இருக்கும் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவரைத் தப்புச் சொல்ல ஒன்றுமில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

திரும்பி வரும்போது மாமா, "ஏம்புள்ள, சாமியாருக்கெல்லாம் பெரிய சாமியாருகிட்டப் போயி, வெல இல்லாத முட்டைன்னா சொல்லிக் குடுப்பாங்க?" என்றார்.

"கோயில்காரருகிட்டப் பொய் சொல்லச் சொல்றீங்களா?"

மாமா நாமக்கல் வரும்வரை தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தார்.

சில நாள் கழித்து முட்டை அறைத் தொலைபேசி அடித்தது. நான் அத்தையின் தோளில் தொங்கிக்கொண்டு காதை வைத்தேன். சித்தப்பா.

"அக்கா, ஆயர் கூப்பிட்டிருந்தாரு. ஜூன் மாசத்துல இருந்து காவிரிப் பக்கம் ஒரு பங்கு பாக்கச் சொல்றாரு."

"தேர் இருக்குதா சாமி?"

"இருக்கும்னு நெனைக்கறேன்."

"சந்தோசந்தான சாமி?"

"அவரு சொன்னாச் சரிங்க அக்கா. குருப்பட்டம் வாங்கறப்ப அவருக்குக் கீழ்ப்படியறேன்னுதான வாக்குக் குடுத்திருக்கறேன்."

அத்தை "சரி"யை மட்டும் கேட்டார். ரிசீவரை வைத்துவிட்டு என்னைத் தூக்கிச் சுற்றினார். என் கால் பட்டு ஒரு தட்டு முட்டை சரிந்து விழுந்தது. அதற்கு ஒரு திட்டு விழவில்லை என்பதிலிருந்து அவருடைய சந்தோஷத்தைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த ஞாயிறே அந்தப் பங்கைப் பார்க்கப் போனோம். பரமத்தி வேலூர் தாண்டி, வெற்றிலைக் கொடிக்கால்களுக்கும் வாழைக்கும் நடுவில் ஒரு கோவில். வாய்க்கால் ஓரமாக நடந்தால் காலுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. கோவிலுக்குப் பக்கத்தில் தகரக் கொட்டகைக்குள் தேர். அத்தை கொட்டகையைத் திறக்கச் சொன்னார். தூசி, வௌவால் வாடை. அத்தை தேரைச் சுற்றி வந்தார், சக்கரத்தைத் தொட்டுப் பார்த்தார், வடம் பழசாகிவிட்டது என்றார். பங்களாவின் சமையலறையில் நின்று கிரைண்டர் எங்கே வைப்பது என்று முடிவு செய்தார். கோவில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சீரியல் லைட்டுக்கு யாரைப் பிடிப்பது என்று விசாரித்தார். சாமியார்களின் மாற்றல் பட்டியல் இன்னும் எந்தக் கோவிலிலும் வாசிக்கப்படவில்லை. அதெல்லாம் அத்தைக்கு ஒரு பொருட்டா? நாமக்கல் வந்ததும் முதல் வேலையாக டீச்சரம்மா வீட்டுக்குப் போனார்.

"இந்த வருசம் திருவிழாவுக்கு நீங்க எங்க தேருக்கு வந்துருங்க டீச்சர். மொதோப் பெஞ்சுல எம் பக்கத்துலயே உக்காந்துக்கலாம்."

டீச்சரம்மா நிலைப்படி மாலையை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "அதுக்கென்னங்க, வந்தாப் போச்சு" என்றார்.

மே மாதத்தில் சித்தப்பாவின் சாமான்களை எடுத்துவர வேனில் கல்லூரிக்குப் போனோம். புத்தகம் கட்ட அத்தை முட்டை அட்டைப்பெட்டிகளைக் கொண்டுவந்திருந்தார். போய்ச் சேர்ந்தபோது வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வருடத்தின் கடைசி வகுப்பு என்றார் வாசற்காவலர். மாமா வேனிலேயே சாய்ந்துவிட்டார். அத்தையும் நானும் வராந்தாவில் நடந்தோம்.

முதலில் சத்தம் கேட்டது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசும் சத்தம், மேஜை தட்டும் சத்தம், சிரிப்பு. சண்டையோ என்று அத்தை நடையை எட்டிப் போட்டார். வகுப்பின் பின்வாசல் திறந்திருந்தது. எட்டிப் பார்த்தோம்.

சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு, முடி கலைந்து, முகமெல்லாம் வேர்த்து ஒருவர் பெஞ்சுகளுக்கு நடுவில் நின்றிருந்தார். எங்கள் சித்தப்பா என்று தெரிய எனக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கரும்பலகையில் மஞ்சள் சாக்பீஸில் எழுதியிருந்தது: நமக்கு என்ன தேவை என்று கடவுளுக்கு முன்பே தெரியும். பிறகு ஏன் கேட்கிறோம்?

வெள்ளைச் சட்டை போட்ட ஒரு மாணவர் எழுந்தார். "கேட்கிறது நமக்காக, ஃபாதர். கேட்கக் கேட்க நம்ம மனசு மாறுது."

"அப்போ அது ஜெபமா, உடற்பயிற்சியா?" என்றார் சித்தப்பா.

எல்லோரும் சிரித்தார்கள். இன்னொருவர், "இயேசு கேட்கச் சொன்னார், அதனால கேட்கிறோம்" என்றார்.

"சொன்னார். ஏன் சொன்னார்? நம்ம வேலையே அங்கிருந்துதான்யா ஆரம்பிக்குது!" மேஜையை ஓங்கித் தட்டினார். சாக்பீஸ் மாவு புகையாக எழுந்தது.

அத்தையின் கை என் தோளில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டார். அடுத்து அத்தை வாயைத் திறப்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

"ஏனுங்க சாமி, நான் ஒண்ணு சொல்லலாமுங்களா?"

மொத்த வகுப்பும் திரும்பியது. சித்தப்பா எங்களைப் பார்த்தார். வெட்கப்படுவார் என்று நினைத்தேன். அவர் முகம் இன்னும் மலர்ந்தது. "சொல்லுங்க அக்கா, உள்ள வாங்க" என்றார்.

அத்தை உள்ளே போனார். "கோழிக்கு எப்பத் தீனி வேணும்னு எனக்குத் தெரியுமுங்க. அது கேட்டா நான் போடறேன்? ஆனாலும் நான் ஷெட்டுக்குள்ள கால வெச்சா அத்தனையும் கத்துமுங்க. அது தீனிக்குக் கத்தறதில்லீங்க. வந்துட்டயான்னு கேக்குது, அவ்வளவுதான்."

மாணவர்கள் கை தட்டினார்கள். சித்தப்பா கரும்பலகைக்கு ஓடி, கேள்விக்குக் கீழே "கோழி" என்று பெரிதாக எழுதினார். "நல்ல பதில். எல்லாரும் எழுதிக்கங்க. இப்ப இதை உடைப்போம்" என்றார். அத்தையிடம் திரும்பினார்.

"அக்கா, கோழிய எதுக்கு வளக்கறீங்க?"

"எதுக்கு? முட்டைக்குத்தான்."

"முட்டை வெக்கறத நிறுத்திட்டா?"

அத்தை தயங்கினார். "கறிக்கு வித்துருவமுங்க."

வகுப்பு அதிர்ந்தது. சித்தப்பா கையை உயர்த்தி அடக்கினார். "அப்போ கடவுள் நம்மகிட்ட எந்த முட்டைய எதிர்பாக்கறாரு? முட்டை வெக்காதவன என்ன பண்றாரு? உங்க கடவுள் பண்ணைக்காரரு அக்கா. என்னோடவரு முட்டையே வெக்காத கோழியத் தேடி இட்டேரி, வேலிச் சந்தெல்லாம் அலையறவரு. ரெண்டு பேரும் ஒருத்தரேதானா, சொல்லுங்க பாப்போம்?"

பதில் இல்லாமல் அத்தை நின்று நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் கோபமும் இல்லை. ஒரு பெரிய சீர்வரிசைத் தட்டைக் கையில் வாங்கியவர் போல நின்றார். அவருடைய வாழ்நாளில் எல்லோரும் அவர் சொன்னதற்குத் தலையாட்டியிருக்கிறார்கள், இல்லையென்றால் நழுவிப் போயிருக்கிறார்கள். அவர் சொன்னதை ஒருவர் எடுத்துவைத்து, பிரித்து, இங்கே இடிக்கிறதே என்று காட்டியது அதுதான் முதல் தடவை.

"யோசிச்சு வந்து சொல்றனுங்க" என்றார்.

"வாங்க. நாங்களும் யோசிக்கறோம்" என்றார் சித்தப்பா.

வகுப்பு முடிந்தது. மாணவர்கள் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். அவர் தகர டப்பாவைப் பையிலிருந்து எடுத்து, முதலில் எழுந்து பேசிய மாணவரிடம் கொடுத்தார்.

"அடுத்த வருசம் இந்தப் பாடம் யாரு எடுப்பாங்க ஃபாதர்?"

"யாராச்சும் எடுப்பாங்கப்பா."

அவருடைய அறையில் புத்தகம் தவிர ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு கூஜா, சுவர் முழுக்கப் புத்தகம். மாமா வாசலில் நின்று, "இத்தனையும் ஏத்துனா வேனோட ஸ்பிரிங் பட்டை ஒடிஞ்சுருமுங்க" என்றார். சித்தப்பா பழையபடி "ம்" ஆகிவிட்டிருந்தார். குனிந்து புத்தகங்களை அட்டைப்பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அத்தை கட்டிலில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்தார். பிறகு, பட்டம் வாங்கிய நாளிலிருந்து அவரிடம் பேசாத பேச்சில் பேசினார்.

"டேய். உனக்கு இந்தப் பங்கு வேணுமாடா?"

"ஆயர் சொல்லியாச்சுங்க அக்கா."

"ஆயர் சொன்னத நான் கேக்கல."

சித்தப்பா கைக்குட்டையால் விரல்களைத் துடைத்தார். மஞ்சள் போகவில்லை. "நீங்க போய்க் கேட்டீங்கன்னு ஆயரே சொன்னாரு. உங்களுக்குத் தேர்னா எவ்வளவு ஆசைன்னு எனக்குத் தெரியும். அதான் ஒண்ணும் சொல்லல."

"எனக்கு ஆசைன்னா? நான் உனக்குன்னுதான்டா கேட்டேன்! வேண்டாம்னா ஒரு வார்த்தை என்ற கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொல்லாட்டியும் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். சின்னதுல எல்லாம் தெரிஞ்சுதான?"

"நான் என்ன கடவுளா?" அத்தை எழுந்து நின்றுவிட்டார். "எனக்கு வாயத் தொறந்து கேட்டாத்தாண்டா தெரியும்!"

சித்தப்பா சிரிக்க ஆரம்பித்தார். வகுப்பில் சிரித்த அந்தச் சிரிப்பு. கட்டிலில் உட்கார்ந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, கேக்கறேன். எனக்கு இங்கயே இருக்கணும் அக்கா" என்றார்.

"அப்புடிச் சொல்லு" என்றார் அத்தை. "ஏனுங்க, பெட்டிய எல்லாம் எறக்குங்க."

"இன்னும் ஏத்தவே இல்லியே" என்றார் மாமா.

அங்கிருந்து நேராக ஆயர் இல்லம். மாலை ஜெபத்துக்குப் புறப்பட்டவரை வராந்தாவிலேயே மடக்கினோம். ஆயர் எங்களைப் பார்த்தார், பிறகு எங்கள் வெறுங்கையைப் பார்த்தார்.

"என்னம்மா, வேற பெரிய பங்கு வேணுமா?"

"ஐயோ, இல்லீங்க ஆண்டவரே. குடுத்ததத் திருப்பி எடுத்துக்கங்க."

"அன்னைக்குக் கேட்டது அவரோட அக்கா. இன்னைக்கு யார் கேக்கறது?"

"அதே அக்காதானுங்க. ஆனா இன்னைக்கு அவனக் கேட்டுட்டு வந்திருக்கறனுங்க. அன்னைக்கு என்ற ஆசைய அவன் ஆசைன்னு சொல்லிப்போட்டேன். தேர எவரு வேண்ணாலும் இழுக்கலாமுங்க. அவன் அங்க பண்றத எல்லாரும் பண்ண முடியாதுங்க. நான் இன்னைக்குத்தான் பாத்தேன்."

ஆயர் தூணில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அவருக்கு மறுத்துவிட எல்லா உரிமையும் இருந்தது.

"பட்டியல் இன்னும் வாசிக்கல. அந்தப் பங்குக்குப் போக இன்னொருத்தர் தயாராத்தான் இருக்காரு" என்றார் மெதுவாக. "கல்லூரித் தலைவர் அவர மாத்தினதுல இருந்து என்னோட சரியாப் பேசறதே இல்ல. இனிமேப் பேசுவார்." படியில் இறங்கியவர் திரும்பினார். "முட்டை கொண்டு வரலையா?"

பின்னாலிருந்து மாமா சொன்னார்: "இப்ப வெல ஏறிப்போச்சுங்க ஆண்டவரே."

பட்டியல் வாசித்த ஞாயிறு உங்களுக்கு நினைவிருக்கும். கோவிலில் எல்லோரும் அத்தையைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். சித்தப்பா பெயர் வரவில்லை. படியில் டீச்சரம்மா, "என்னங்க, தம்பி பேரக் காணமே?" என்றார்.

"நாந்தானுங்க வேண்டாமுன்னு சொல்லிட்டேன்" என்றார் அத்தை.

ஒருவரும் நம்பவில்லை. நீங்கள்கூட மறைக்கல்வி வகுப்பில் என்னைப் பார்த்து, "முட்டைய வாங்கிட்டு பிஷப் ஏமாத்திட்டாரா?" என்று சிரித்தீர்கள். அத்தை அந்தக் கோடை முழுவதும் அதைக் கேட்டுக்கொண்டார். பதில் சொல்லி மாளாது என்று விட்டுவிட்டார். அவருக்கு யோசிக்க வேறு விஷயம் இருந்தது. தீவனம் அள்ளும்போது திடீரென்று நிறுத்துவார். "கண்ணு, முட்டை வெக்காத கோழிய நான் ஒண்ணே ஒண்ணு வெச்சிருக்கறேன்னு வெய்யி, சும்மா, பாசத்துக்கு. அப்ப உங்க சித்தப்பன் என்ன சொல்லுவான்?" என்று என்னைக் கேட்பார். ஞாயிறு மாலை தொலைபேசியில் அதைச் சித்தப்பாவிடம் சொல்வார். மறுமுனையில் அவர் அதை உடைக்கும் சத்தம் எனக்குக் கேட்கும். முன்பெல்லாம் "ம்" என்று முடிந்த அழைப்புகள், பில்லைப் பார்த்து மாமா தலையில் கைவைக்கும் அளவுக்கு நீண்டன. சித்தப்பா வீட்டுக்கு வந்தாலும் பேச ஆரம்பித்தார். குழம்பில் உப்பில்லை என்று ஒருமுறை வாய் திறந்து சொன்னார். அத்தை அதை அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னார்.

அந்தத் தகர டப்பா எங்கே போனதென்று தெரியவில்லை. குரோஷா உறையும் போய்விட்டது, தொலைபேசியும் போய்விட்டது. சுவரில் நான் வரைந்த கோழிகளின்மேல் இரண்டு முறை வெள்ளையடித்தாயிற்று.

ஒன்றை மட்டும் அப்போது எங்களில் ஒருவரும் கணக்கில் சேர்க்கவில்லை. அந்த வகுப்பில் உட்கார்ந்திருந்த வெள்ளைச் சட்டைகள் எல்லாம் பட்டம் வாங்கிப் பங்குக்குப் போவார்கள் என்பது. போனார்கள். முதல் அழைப்பு கெங்கவல்லிப் பக்கத்திலிருந்து வந்தது. ஜெபமா உடற்பயிற்சியா என்று மாட்டிக்கொண்டவர்தான் அங்கே சாமியார். "கோழி அக்கா கட்டாயம் வரணும்" என்று போனில் சொல்லியிருந்தார். அத்தை போனார். முதல் பெஞ்சில் உட்காரவைத்தார்கள், பங்களாவில் சாப்பாடு, கையில் மாலை. அடுத்த வருடம் இன்னும் இரண்டு பேர் கூப்பிட்டார்கள். பிறகு சித்தப்பாவிடம் படித்த புது ஆட்கள், அத்தையை நேரில் பார்த்திராதவர்கள்கூடக் கூப்பிட ஆரம்பித்தார்கள். சித்தப்பா இன்றைக்கும் கரும்பலகையில் "கோழி" என்று எழுதிவிட்டுத்தான் அந்தப் பாடத்தை ஆரம்பிக்கிறாராம்.

இப்போதைய நிலவரம் இது. சித்தப்பா அதே கல்லூரியில் அதே பாடத்தை நடத்துகிறார். அவருக்குப் பங்கு இல்லை, தேர் இல்லை. டீச்சரம்மாவின் தம்பி ஓய்வு பெற்றுவிட்டதால், டீச்சரம்மாவும் அத்தையோடு அதே வேனில் திருவிழாக்களுக்குப் போய்வருகிறார். மாமாதான் ஓட்டுகிறார். முட்டை அறை உத்தரத்தில் இடமில்லாமல் செவ்வந்தி மாலைகள் காய்கின்றன. அந்தக் கேள்விக்கு அத்தை இன்னும் பதில் சொல்லி முடிக்கவில்லை. போன ஞாயிறும் ஒன்று சொன்னார். சித்தப்பா ஒத்துக்கொள்ளவில்லை.